பெத்லெகேம் கிணற்றுத் தண்ணீர்



இந்த மாதத் தியானத்துக்கு 2 சாமுவேல் 23ஆம் அதிகாரம் 13 முதல் 17 வரையுள்ள வசனங்களை எடுத்துக்கொள்வோம். வேதத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டே வாசியுங்கள்.

தாவீது அதுல்லாம் கெபியில் இருக்கிறான். அறுப்புக் காலம், நல்ல வெயில். பெலிஸ்தர் ரெப்பாயீம் பள்ளத்தாக்கில் இறங்கியிருக்கிறார்கள். அவன் பிறந்து வளர்ந்த பெத்லெகேமிலேயே எதிரியின் தாணையம் இருக்கிறது. அந்த நேரத்தில் அவனுக்குத் தன் ஊர்க் கிணற்றுத் தண்ணீர்மேல் ஆசை வந்துவிட்டது. யாராவது கொண்டுவந்து கொடுத்தால் நன்றாயிருக்குமே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டான். கவனியுங்கள், அவன் கட்டளை போடவில்லை. ஏக்கத்தில் சொன்னான், அவ்வளவுதான். அதைக் கேட்ட மூன்று பேர் எழுந்தார்கள். எதிரியின் பாளயத்துக்குள் புகுந்து, கிணற்றில் மொண்டு, தாவீதிடம் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தாவீது தாகத்தால் செத்துக்கொண்டிருந்தான் என்று வேதம் எங்கேயும் சொல்லவில்லை. கெபியில் வேறு தண்ணீர் இருந்திருக்கும். ஒரு வாய் ருசிக்காக மூன்று உயிர் பணயம்.

ஏன் போனார்கள்? சண்டே ஸ்கூலில் கேட்டால் பிள்ளைகள் உடனே "ராஜாமேல் இருந்த அன்பு" என்று சொல்லுவார்கள். சரிதான். ஆனாலும் அது மட்டும்தானா? அந்த மூவரும் யார்? வாளைக் கையில் எடுத்தால் நூற்றுக்கணக்கான பேர் நடுவே நின்று ஜெயிக்கிறவர்கள். அப்படிப்பட்டவர்களைக் கெபிக்குள் சும்மா உட்கார வைத்தால் எப்படியிருக்கும்? தண்ணீர் என்ற பேச்சு காதில் விழுந்ததும் அவர்கள் முகம் எப்படி மலர்ந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். இந்த யோசனை எனக்கு ஏன் வந்தது என்றால், நம் சபையில் ஒரு காரியம் நடந்தது.

நம் விசுவாசக் குடும்பம் ஒன்றில் ஒரு மகன். டூவீலர் மெக்கானிக். அம்மா உப்பளத்துக்குப் போகிறவர்கள். தகப்பன் இல்லை. இந்த மகன் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்து, "ஐயா, ரோட்ல வேகமா ஓட்டுறத விட்டுட்டேன். இருங்காட்டுக்கோட்டை டிராக்ல ரேஸ் ஓட்டணும். லைசென்ஸ் வாங்கப் போறேன். ஜெபம் பண்ணுங்க" என்றான். அவன் போன பத்து நிமிடத்தில் அம்மா வந்தார்கள். "ஐயா, நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பான்யா. வேணாம்னு சொல்லிடுங்கய்யா" என்று அழுகை. பக்கத்தில் நின்ற மூப்பர் ஒருவர், "சாகப் போறேன்னு சொல்றவனுக்கு ஜெபமா பாஸ்டர்?" என்று கேட்டார். மூன்று பேருக்கும் அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. தேவ சமுகத்தில் காத்திருந்தேன். கூடவே இந்தப் பந்தயக் காரியத்தை ஆராய்ந்தும் பார்த்தேன். ஒரு விஷயம் தெரியாமலே அதைப் பாவம் என்று பிரசங்கிக்கிற பழக்கம் நமக்குள் அதிகம். அது எனக்குப் பிடிக்காது.

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே ஐல் ஆஃப் மேன் என்று ஒரு சின்னத் தீவு. அங்கே 1907 முதல் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடக்கிறது. டி.டி. என்று சொல்லுவார்கள். அது பந்தயத்துக்கென்று போட்ட தளம் அல்ல. ஜனங்கள் தினமும் பால் வாங்கப் போகிற சாலை. கல் சுவர், வீட்டு வாசல், விளக்குக் கம்பம், பாலம், மலை எல்லாம் உண்டு. ஒரு சுற்று சுமார் 60 கிலோமீட்டர், 200க்கும் மேற்பட்ட வளைவுகள். நம்ம மரக்காணத்திலிருந்து கிட்டத்தட்ட மாமல்லபுரம் போகிற தூரம். நமக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2023இல் பீட்டர் ஹிக்மன் என்பவர் ஒரு சுற்றை 16 நிமிடம் 36 விநாடியில் முடித்தார். சராசரி வேகமே மணிக்குச் சுமார் 219 கிலோமீட்டர். நேரான இடங்களில் 300ஐத் தாண்டும். எல்லாரையும் ஒன்றாகக் கிளப்பிவிடுவதில்லை. பத்துப் பத்து விநாடி இடைவெளியில் ஒவ்வொருவராக அனுப்புகிறார்கள். ஆகவே அவன் பெரும்பாலும் பக்கத்திலே ஓடுகிறவனோடு அல்ல, சாலையோடும் கடிகாரத்தோடும்தான் போராடுகிறான்.

அந்தத் தீவின் மலைச் சாலையில் 1911 முதல் இதுவரை செத்தவர்கள் 260 பேருக்கு மேல். 2022இல் நடந்த ஒரே பந்தயத்தால் 6 பேர் போனார்கள். அதில் ஒரு தகப்பனும், அவருடைய 21 வயது மகனும். பக்கப்பெட்டி வைத்த வண்டியில் இரண்டு பேரும் ஒன்றாக ஓடினவர்கள்.

பணத்துக்காகத்தான் என்று சொல்லி முடித்துவிடலாமா? முடியாது. இத்தாலியரான ஜியாகோமோ அகோஸ்டினி 15 முறை உலகச் சாம்பியன். அந்தத் தீவில் மட்டும் 10 முறை ஜெயித்தவர். 1972இல் அவருடைய சிநேகிதர் பார்லோட்டி அங்கே மழையில் விழுந்து செத்தார். அந்த வருஷத்துக்குப் பிறகு அகோஸ்டினி அந்தத் தீவில் பந்தயம் ஓட்டவே இல்லை. அவரைப் போல வேறு பெரிய ஆட்களும் விலகினார்கள். 1976க்குப் பிறகு அந்தப் பந்தயம் உலகச் சாம்பியன் போட்டிக் கணக்கிலிருந்தே எடுக்கப்பட்டது. அதாவது, அதற்கப்புறம் ஒருவனையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. உலகப் பட்டம் வேண்டுமானால் வேறு பாதுகாப்பான தளங்கள் இருக்கின்றன. அப்படியிருந்தும் இன்றைக்கு வரைக்கும் வருகிறார்கள். கொத்தனார், மெக்கானிக், விவசாயி என்று கைத்தொழில் செய்து, சேர்த்த காசைப் போட்டு வருகிறவர்களும் உண்டு.

சாக ஆசையா? அதுவும் இல்லை. சாக விரும்புகிறவன் 200 வளைவுகளை மனப்பாடம் பண்ணமாட்டான். எந்த வளைவில் தண்ணீர் தேங்கும், எந்த மரத்துக்கு அடியில் சாலை காயாமல் இருக்கும், எந்த வீட்டுச் சுவரைப் பார்த்ததும் பிரேக் பிடிக்க வேண்டும் என்பதையெல்லாம் வருஷக்கணக்காகப் படிக்கிறார்கள். பயம் இல்லாதவர்களும் அல்ல. பயத்தை வேலைக்காரனாக்கி வைத்திருக்கிறார்கள்.

நம்ம மகனிடமே கேட்டேன். ஒரு பயிற்சி நாளுக்குப் போய்த் தளத்தில் ஓட்டிவிட்டு வந்திருக்கிறான். "வண்டி வளைவுல சாயுற நேரம் மனசுல வேற எதுவுமே இருக்காதுய்யா. கடன் ஞாபகம் வராது, ஓனர் திட்டினது ஞாபகம் வராது. நானும் அந்த வளைவும்தான். இறங்கின பெறகு ரெண்டு நாளைக்கு எதப் பாத்தாலும் சப்புன்னு இருக்கும்" என்றான். உலகத்துப் பந்தயக்காரர்களும் பேட்டிகளில் திரும்பத் திரும்ப ஏறக்குறைய இதையேதான் சொல்லுகிறார்கள்: அந்த நிமிடங்களில்தான் முழுசாக உயிரோடு இருக்கிறோம் என்று.

பிரியமானவர்களே, இதைக் கேட்டுச் சிரிக்காதிருங்கள். முழு இருதயம், முழு ஆத்துமா, முழு மனது, முழு பலம் என்று நாம் பிரசங்கத்தில் எத்தனை தரம் கேட்டிருக்கிறோம்! நம்மில் எத்தனை பேருக்கு ஜெபத்தில் பத்து நிமிடம் முழுமனசு நிற்கிறது? சிதறாத மனசுக்கான பசி தேவன் மனுஷனுக்குள் வைத்த பசி. அந்தப் பையன் அதை வளைவில் தேடுகிறான். பசியே பாவம் என்று நான் சொல்லமாட்டேன். பவுல் அப்போஸ்தலனும் கொரிந்து பட்டணத்தாருக்கு எழுதும்போது, வாடிப்போகிற ஒரு இலைக் கிரீடத்துக்காக ஓடினவர்களைத் திட்டவில்லை. அவர்களுடைய ஒழுக்கத்தைச் சபைக்கு உதாரணமாகக் காட்டினான்.

இன்னொரு காரணமும் உண்டு. அது இன்னும் ஆழமானது, இன்னும் துக்கமானது. வட அயர்லாந்தில் டன்லப் என்று ஒரு குடும்பம். மூத்தவர் ஜோயி. சின்ன ஊரில் மதுக்கடை வைத்திருந்த எளிய மனுஷன். அந்தத் தீவில் 26 தடவை ஜெயித்தவர். ருமேனியாவிலும் பாஸ்னியாவிலும் இருந்த அநாதைப் பிள்ளைகளுக்கு உணவும் துணியும் ஏற்றிக்கொண்டு தானே வேன் ஓட்டிப்போய்க் கொடுத்தவர். (மதுக்கடைக்காரர்தானே என்று நாம் ஒதுக்கிவிடுவோம். எரிகோ போகிற வழியில் ஒதுங்கிப் போன ஆசாரியனையும் லேவியனையும் நினைத்துக்கொள்ளுங்கள்.) 2000ஆம் ஆண்டு ஜூன் மாதம், 48 வயதில், ஒரே வாரத்தில் மூன்று பந்தயம் ஜெயித்தார். ஜூலை 2ஆம் தேதி எஸ்டோனியா தேசத்தில் மழை ஈரத்தில் வண்டி சறுக்கி, மரத்தில் மோதி இறந்தார். அவருடைய தம்பி ராபர்ட் 1994இல் பின்சக்கரம் உடைந்து விழுந்து கையும் காலும் சேதமானவர். திரும்பவும் வந்து ஓட்டினார். 2008 மே 15ஆம் தேதி பயிற்சி ஓட்டத்தில் இறந்தார். இரண்டே நாள் கழித்து, மே 17ஆம் தேதி, அவருடைய மகன் மைக்கேல் அதே சாலையில் வண்டியை எடுத்து, ஜெயித்தார். தகப்பன் இன்னும் அடக்கம் பண்ணப்படவில்லை. 2018 ஜூலையில் மைக்கேலின் அண்ணன் வில்லியமும் அயர்லாந்தில் ஒரு பந்தயத்தில் போய்விட்டார். மைக்கேல் நிறுத்தவில்லை. 2024இல் பெரியப்பாவின் 26 என்ற கணக்கைத் தாண்டினார்.

அந்த வீட்டில் வண்டியை எடுப்பது செத்தவர்களோடு பேசுகிற பாஷை. நிறுத்தினால் அவர்கள் செத்தது வீண் என்று ஆகிவிடுமோ என்ற பயமும் அதில் இருக்கலாம். நான் அவர்களை நியாயந்தீர்க்கவில்லை. கடலுக்குப் போய்த் திரும்பாத தகப்பனின் மகன் மறுபடியும் வலையை எடுத்துக்கொண்டு போவதை நம் குப்பங்களில் பார்த்திருக்கிறோமே! ஆனால் கடலுக்குப் போகிறவன் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிறான். பந்தயத்திலிருந்து வீட்டுக்கு எது வருகிறது? இந்த இடத்தில்தான் தாவீதின் காரியம் எனக்கு வெளிச்சமானது.

தண்ணீர் வந்து சேர்ந்தது. குளிர்ந்த தண்ணீர், சொந்த ஊர்த் தண்ணீர், ஆசைப்பட்ட தண்ணீர். தாவீது அதை வாயில் வைக்கவில்லை. இது தண்ணீர் அல்ல, உயிரைப் பணயம் வைத்துப் போன மனுஷருடைய இரத்தம் என்று கண்டுகொண்டான். கர்த்தருக்கென்று தரையில் ஊற்றிவிட்டான். அந்த மூவரையும் "முட்டாள்களே, ஏன் போனீர்கள்?" என்று அவன் வையவில்லை. அவர்கள் வீரம் அவனுக்குத் தெரியும். ஆனால் அந்த வீரத்தைக் குடித்துத் தன் தாகம் தீர்த்துக்கொள்ள அவனுக்கு மனசு வரவில்லை. அதோடு, இனி வாய்தவறி ஆசையைச் சொன்னால் இவர்கள் மறுபடியும் கிளம்பிவிடுவார்கள் என்பதும் அவனுக்குப் புரிந்திருக்கும்.

நாமெல்லாம் ஓட்டுகிறவனைப் பற்றியே பேசுகிறோம். குடிக்கிறவன் யார் என்று கேட்டோமா? நம் தமிழ்நாட்டில் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், யுத்த காலத்தில் போட்ட பழைய விமான ஓடுதளத்தில் பல வருஷம் பந்தயம் நடந்தது. திரள் திரளாக ஜனம் போய்ப் பார்த்தது. நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பிறகு மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஒழுங்கான தளம் கட்டினார்கள். 1990இல் திறந்தார்கள். ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். ஓரத்தில் விழுந்தால் உருள இடம் உண்டு, கொடி பிடிக்கிறவர்கள் உண்டு, ஆம்புலன்ஸ் உண்டு. ஐல் ஆஃப் மேன் சாலைக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனாலும் 2023 ஆகஸ்ட் 5ஆம் தேதி, தேசியப் போட்டியின் இளையோர் ஓட்டத்தில், பெங்களூரிலிருந்து வந்த ஒரு பையன் விழுந்து இறந்துபோனான். வயது 13. மிகவும் தாலந்துள்ள பிள்ளை என்று பேர் வாங்கினவன். அந்த வார மீதிப் போட்டிகளை அமைப்பாளர்கள் ரத்து செய்தார்கள். அது நல்ல காரியம். ஊற்றிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் மற்ற நாட்களில்? விழுகிற காட்சியைத்தான் செல்போனில் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறோம். ஜெயித்த காட்சியை அத்தனை தரம் பார்க்கிறோமா? வாலிபர் மட்டும் அல்ல, தகப்பன்மாரும் பார்க்கிறீர்கள். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கம் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில், லட்சக்கணக்கானோர் யூடியூபில் பின்தொடர்ந்த ஒரு வாலிபர் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டி விழுந்தார். கை முறிந்தது, கைதானார், லைசென்ஸ் பத்து வருஷத்துக்கு ரத்து. அவரை எல்லாரும் ஏசினார்கள். தாகம் யாருடையது? பார்க்க அத்தனை லட்சம் பேர் இல்லாவிட்டால் அந்தச் சக்கரம் தரையைவிட்டு எழும்பியிருக்குமா? தேவாலய உப்பரிகையில் நிறுத்தி, குதி பார்க்கலாம் என்று சொன்னவன் யார் என்று உங்களுக்குத் தெரியும். அவன் தான் குதிக்கமாட்டான். அடுத்தவனைக் குதிக்கச் சொல்லுவான்.

இப்போது நம் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வருகிறேன். சனி, ஞாயிறு விடியற்காலையில் சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்குக் கூட்டங்கூட்டமாகப் பெரிய வண்டிகள் போகிறதைப் பார்க்கிறீர்கள். ஒழுங்காகப் போகிறவர்கள் அநேகர். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. போட்டி போடுகிறவர்களும் உண்டு. அவர்களைப் பார்த்து நம் ஊர்ப் பையன்களுக்கும் கை துறுதுறுக்கிறது. அதே நேரம்தான் நம் சகோதரிகள் உப்பளத்துக்குப் போகிற நேரம். வெயில் ஏறுமுன் பாத்தியில் இறங்கினால்தான் உப்பு வார முடியும். இருட்டோடு சாலை ஓரமாக நடந்தும் சைக்கிளிலும் போகிறார்கள். ஐல் ஆஃப் மேனில் ஓடுகிறவன் அடைத்த சாலையில் தன் உயிரை வைத்து ஓடுகிறான். அங்கேகூடப் பார்க்க நிற்கிறவர்கள் சிலர் செத்ததுண்டு. ஆனால் அவர்கள் தெரிந்து போய் நின்றவர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போட்டி ஓட்டுகிறவனோ, கூடைக்காரம்மாவின் உயிரையும் சேர்த்துப் பணயம் வைக்கிறான். அந்த அம்மாவை யாரும் கேட்கவில்லை. இதை வீரம் என்று சொன்னால் அந்த மூன்று பராக்கிரமசாலிகளும் வெட்கப்படுவார்கள். அவர்கள் தங்கள் கழுத்தைத்தான் நீட்டினார்கள், பெத்லெகேமிலே இருந்த ஒரு கிழவியின் கழுத்தை அல்ல.

வாலிபர் கூட்டத்தில் யெகூவின் பேரைச் சொன்னால் பையன்கள் கைதட்டுகிறார்கள். 2 இராஜாக்கள் 9இல், தூரத்தில் வரும்போதே ரதம் ஓட்டுகிற வேகத்தை வைத்துக் காவற்காரன் ஆளைக் கண்டுபிடித்தானே, அதற்காக. அந்த யெகூ யாரைக் கொல்ல அத்தனை வேகமாய்ப் போனான் என்று கேட்டால் கைதட்டல் நின்றுவிடுகிறது.

மூப்பர் கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். உயிரைப் பணயம் வைக்கிறவனுக்கு ஜெபிக்கலாமா? பிலிப்பியர் 2ஆம் அதிகாரத்தின் கடைசியில் எப்பாப்பிரோதீத்து என்று ஒருவன் வருகிறான். பவுலுக்கு ஊழியம் செய்யப் போய், மரணத்துக்குச் சமீபமானவன். அவன் தன் உயிரை எண்ணாமல் துணிந்ததைச் சொல்லப் பவுல் பயன்படுத்துகிற கிரேக்க வார்த்தை சூதாட்டத்தில் பந்தயம் வைக்கிறவனுக்குரிய வார்த்தை என்று பைபிள் காலேஜில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். பிற்காலத்தில் அலெக்சாந்திரியா பட்டணத்துச் சபையில் தொற்று வியாதிக்காரரைத் தூக்கிப் பராமரித்த கூட்டத்தாருக்கும் அதையொட்டியே பேர் வந்தது. பணயம் வைக்கிறது சபைக்குப் புதிதல்ல மூப்பரே. யார் தாகத்துக்கு என்பதுதான் நான் கேட்க வேண்டிய கேள்வி.

ஆகவே அந்த மகனைக் கூப்பிட்டு மூன்று காரியம் பேசினேன். சாலையில் போட்டி இனி ஒருபோதும் இல்லை, சிநேகிதன் உசுப்பினாலும் இல்லை. முறைப்படி எஃப்.எம்.எஸ்.சி.ஐ. லைசென்ஸ், டாக்டர் சான்று, சரியான அங்கியும் ஹெல்மெட்டும் இல்லாமல் தளத்தில் கால் வைக்கக் கூடாது. ஓட்டப் போகிற தேதியை அம்மாவிடம் மறைக்காமல் அவனே சொல்ல வேண்டும். மூன்றுக்கும் சரி என்றான். கடைசியில், "தம்பி, இந்தத் தண்ணிய யாருக்குடா மொண்டு வர்ற?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். "தெரியலய்யா. யோசிச்சுச் சொல்றேன்" என்றான். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. "தேவ மகிமைக்காக" என்று சட்டென்று சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன்.

அம்மாவிடம், "வேண்டாம் என்று நான் சொல்லித் தரமாட்டேன்மா, அவனுக்கு 23 வயசு" என்றேன். அவர்களுக்கு என்மேல் கோபம். இரண்டு வாரம் ஸ்தோத்திரம்கூடச் சொல்லவில்லை. போன வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்துக்கு வந்தார்கள். பின்னால் உட்கார்ந்து, எழுந்து போய்விட்டார்கள். அவர்களுக்காகத் தொடர்ந்து ஜெபியுங்கள்.

வருகிற இரண்டாம் சனிக்கிழமை காலை 10 மணிக்கு வாலிபர் உபவாச ஜெபம். அந்த மகனும் வருகிறான், வண்டி பற்றிக் கேள்வி உள்ளவர்கள் அவனிடமே கேட்கலாம். வண்டிகளைச் சபைக் காம்பவுண்டுக்குள் நிறுத்துங்கள். ஹெல்மெட் இல்லாமல் வருகிறவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகத் தயாராக வரவும்.